வெளக்கு வெக்கற வரைக்கும்

இல்லீங்க டீச்சரம்மா, திருடிக்கிட்டெல்லாம் போகலீங்க. இந்தப் பாசிமணி கைக்குள்ளயே இருந்துருச்சு. பொட்டிக்குள்ள கைய உட்டு மணி எடுங்க தாத்தான்னு என்னையத்தான கூப்புட்டீங்க. மூணு தடவ எடுத்து எல்லாருக்கும் காட்டுனேன். மூணும் செவப்பு. நாலாவது எடுத்தத மட்டும் காட்டாம, மூடுன கையோட எறங்கிப் போயிட்டேன். அந்தா, அந்தப் புளியமரம் வரைக்கும் போயி, ஒரு பீடி பத்த வெக்கலாம்னு பாத்தாத்தான் கை இன்னும் மூடியே இருக்குதுன்னு தெரியுது. இந்தாங்க. என்ன நெறம்னு நான் பாக்கலீங்க. பொட்டியில ஒண்ணு கொறைஞ்சா உங்களையத்தான கேப்பாங்கன்னு கொண்டாந்தேன். கருப்புங்களா? ம். செரி, உள்ள போட்டுருங்க. வர வேண்டிய எடத்துல வராம இங்க வந்து என்ன பண்றது.

உக்காரச் சொல்றீங்களா? செரீங்க, சித்த உக்காந்துக்கறேன். காலும் கடுக்குது. கூட்டமெல்லாம் அக்கட்ட ஓடிருச்சு பாருங்க. காயிதத்துல பெரிய பலூன் ஒட்டி, அடியில தீய வெச்சு ஆகாசத்துல உடறாங்களாமா. எஞ்சின்னப் பேத்தி அங்கதான் நிக்கறா. மஞ்சப் பாவாடை, ஒரு காலுல கொலுசு. இன்னொரு கொலுசு எங்க போச்சுன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காத்தால இந்த அறிவியல் திருவிழாவுக்கு வந்து எறங்குனதுல இருந்து தொறந்த வாய மூடல. எல்லா மேசையும் ரெண்டு தடவ பாத்துட்டா. பித்தானை அமுக்குனா மணி அடிக்குது பாருங்க, அதுக்கு மட்டும் பத்து தடவ. அங்க நிக்கற தம்பி கையெடுத்துக் கும்புட்டே போட்டுச்சு, போதும் போ சாமின்னு.

அந்தத் தம்பி தெரியாமத்தான் சொல்லுச்சு, அவ பேரே போதும்பொண்ணுதானுங்க. ஆமாங்க, அதான் பேரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போதுமணின்னு எழுதிக்கிட்டாரு. ரெண்டாவதும் பொட்டையாப் போச்சு, இதோட நிறுத்திக்கன்னு சாமிக்குச் சொல்ற மாதிரி எங்கூட்டுக்காரி வெச்ச பேரு. சாமி காதுல உழுந்துச்சா என்னான்னு தெரியல. புள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. யாரு கேட்டாலும் நல்லாச் சத்தமாச் சொல்லும்.

பெரியவ கந்தம்மா. எங்கம்மா பேரு. நாலாவது படிக்கறா. அவ பலூனும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. வாசக் கேட்டுக்கிட்ட இருக்கற சிமிட்டித் திட்டுல, செருப்பக் கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அவதான். ஊட்டுக்குப் போலாம் அப்பாரு, பாப்பாவப் பாக்கோணும்னு காத்தால எங்கிட்ட நாலஞ்சு தடவ சொன்னா. இப்ப அதுவும் சொல்றதில்ல. நானும் பக்கத்துல போகலீங்க.

பாப்பான்னா, ஊட்ல பொறந்து ஒம்போது நாளாச்சுங்க. எம்மருமவ வசந்தாமணிக்கு. அதுவும் பொட்டப்புள்ளதான்.

இல்லீங்க, இப்பப் போக முடியாது. ஊட்ல வெள்ளையடிக்கறாங்க. புள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஆகாது, வெளக்கு வெக்கறதுக்கு முன்னால வந்துராதீங்கன்னு எங்கூட்டுக்காரி கண்ணாத்தா சொல்லித்தான் உட்டா. நாமகிரிப்பேட்டைக்கும் அக்கட்ட, கரட்டோரமா எங்க ஊரு. ராசிபுரம் வந்து பஸ்ஸு மாறி வந்தோம். அஞ்சு பத்துக்கு இங்க ஏறுனமுன்னா செரியா வெளக்கு வெக்கற நேரத்துக்குப் போயிரலாம். அது வரைக்கும் இங்கதான்.

உங்களுக்குச் சேலமுங்களா? அதான். பேச்சு வேற மாதிரி இருக்குதேன்னு பாத்தேன். நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க. நான் மூணாவதோட நின்னவன். எனக்கே புரிஞ்சு போச்சுன்னா பாத்துக்கங்க.

அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். இந்தப் பொட்டி ரெண்டையும் ஒரு நாளைக்கு எரவலாக் குடுப்பீங்களா? எங்கூட்டுக்குத்தானுங்க. பத்திரமாக் கொண்டு போயி பத்திரமாக் கொண்டாந்து சேத்திருவேன். பள்ளிக்கூடத்துச் சாமானா? எட்மாஸ்டரக் கேக்கோணுமா? செரி, கேட்டுப் பாருங்க. அவசரமில்ல. திங்கக்கெழமைன்னாலும் செரிதான். இனி எப்பக் குடுத்தாலும் ஒண்ணுதான்.

கண்ணாத்தாளுக்குக் காட்டோணுங்க. நான் வாயில சொன்னா நம்ப மாட்டா. முப்பத்தஞ்சு வருசத்துல நான் சொன்ன ஒண்ணையும் அவ நம்புனதில்ல. மழ வருது, மொளகாய அள்ளுன்னு கத்துனாக்கூட, வாசலுக்கு வந்து கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் அள்ளுவா. இத அவ கண்ணால பாக்கோணும். பொம்பள பொட்டியில வெறும் செவப்பு மணி. ஆம்பள பொட்டியிலதான் செவப்பும் கருப்பும் பாதிக்குப் பாதி. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு எடுக்கோணும். செவப்பும் செவப்பும் சேந்தாப் பொட்டப்புள்ள, செவப்பும் கருப்பும் சேந்தாப் பையன். செரியாச் சொல்றனுங்களா? அப்ப பொம்பள எதைக் குடுப்பா? அவகிட்ட இருக்கறதே செவப்புத்தான். கருப்பு வர்றதும் வராததும் ஆம்பள பாடு. அவனும் என்ன, வேணும்னா பண்றான்? கண்ண மூடிக்கிட்டு எடுக்கறதுதான். இதுல யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. இத்தனதானா சமாச்சாரம்னு ஆகிப் போச்சு எனக்கு.

வசந்தாமணியப் பேசாத பேச்சில்லீங்க எங்கூட்ல. வயித்துலயே கோளாறு, அவங்க பொறந்த ஊட்லயும் அஞ்சு பொட்டைங்கதான், அந்த வம்சம் அப்புடி, அதத் தெரிஞ்சும் பொண்ணு எடுத்தமேன்னு, சோறு போடறப்ப ஒரு பேச்சு, தண்ணி மொள்றப்ப ஒரு பேச்சு. அந்தப் புள்ள எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. குச்சிக்கெழங்குக் காட்டுல எங்கூடச் செரிக்குச் செரி மண்வெட்டி புடிப்பா. நான் பேசுனதில்லீங்க அவள. ஆனா கண்ணாத்தா பேசறப்ப நிறுத்துன்னும் சொன்னதில்ல. கட்டுத்தாரையில மாட்டுக்கு என்னமோ பண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

இந்தப் புள்ள வயித்துல இருக்கறப்ப ஒரு கோடாங்கிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனோம். அவன் அவ தலையச் சுத்தி எலுமிச்சம்பழத்த அறுத்தான். அறுத்தா ரத்தமா ஊத்துதுங்க. பாத்துக்கங்க, தோசம் வெளியேறிருச்சு, இந்தத் தடவ பையன்தான்னு அடிச்சுச் சொன்னான். அந்தப் பழத்த மஞ்சத் துணியில முடிஞ்சு அடுக்குப் பானைக்குள்ள வெச்சிருந்தா கண்ணாத்தா. இன்னிக்கு இங்க வந்து பாத்தா, மீசை மொளைக்காத பையன் ஒருத்தன் மேடையில நின்னு அதே வேலையச் செய்யறான். அதே ரத்தம். செம்பருத்திப் பூவ கத்தியில தேச்சுக் காய வெச்சா எலுமிச்சம்பழச் சாறு பட்டுச் செவப்பாயிருமாமா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிப்போட்டு, நம்ம எதுக்குத் தட்டுனோம்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆமாங்க, எல்லா மேசையும் பாத்தேன். வேற என்ன வேலை? வெங்காயத் தோல ஒரு கொழாய்க்குள்ள காட்டுனாங்க, சுவரு சுவராக் கட்டுன மாதிரி இருக்குது. நானும் வருசா வருசம் வெங்காயம் போடறேன், இத்தன வேலைப்பாடு உள்ள நடக்குதுன்னு தெரியல. முட்டை மேசை பாத்தீங்களா? மூணு நாள் முட்டை, ஏழு நாள் முட்டைன்னு ஒடைச்சு, மருந்துத் தண்ணியில போட்டு, கண்ணாடிப் பாட்டில்ல வரிசையா வெச்சிருக்கறாங்க. ஏழு நாளைக்கே கண்ணு வந்துருதுங்க. தலைய விடக் கண்ணு பெருசா இருக்குது. அங்க நிக்கற தம்பியோட மாமன் பண்ணை வெச்சிருக்கறாராமா. குஞ்சு பொரிக்கற எடத்துல, பொறந்த அன்னிக்கே ஒவ்வொண்ணாக் கைல எடுத்துப் பாத்து, இது பொட்டை, இது சேவல்னு பிரிக்கறதுக்குன்னே ஆளு இருக்குதாம். பொட்டைக்குஞ்சுக்குத்தான் தீனி. சேவக்குஞ்ச வேண்டாம்னு கூடை கூடையா ஒதுக்கிப் போடுவாங்களாம். அது முட்டை போடாதே, வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு சொல்லிச்சு அந்தத் தம்பி. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். எங்கூட்டு எருமை போன மாசம் பொட்டைக்கன்னு போட்டுது. கண்ணாத்தா ஊட்டுக்கு ஊடு சீம்பாலு குடுத்தனுப்புனா.

தண்ணீங்களா? குடுங்க. அண்ணாத்திக் குடிச்சுக்கறேன்.

கந்தம்மா சாப்புடலீங்க. புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்தோம். சின்னவ தின்னா. நானும் தின்னேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாவே தின்னேன். வாயில வெச்சா எறங்குது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. காத்தால இருந்து ஒடம்புக்கு ஒண்ணுமே தெரியல, ஊசி போட்ட பல்லு மாதிரி. பசிச்சா பசிக்குது, நடந்தா கால் வலிக்குது, அத்தோட செரி.

நீங்க போயிக் கூப்புட்டுப் பாருங்க, வர்றாளா பாப்போம். ஏற்கெனவே கூப்புட்டீங்களா? என்ன சொன்னா? வர மாட்டேன்னு தலைய ஆட்டுனாளா. ம். ரொம்பக் கெட்டிக்காரி அவ. இந்த நோம்பிக்கு வரோணும்னு பத்து நாளா என்னைய அரிச்சவளே அவதான். பள்ளிக்கூடத்துல நோட்டீசு குடுத்திருந்தாங்க, ஊட்டுப் பெரியவங்களோட வாங்கன்னு. அறிவியல் திருவிழான்னு எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டுனா. அத்தன தூரம் யாரு போறது, கொள்ளுக்காட்டுல வேலை கெடக்குதுன்னு சொல்லிட்டேன். அழுதா. நோட்டீச ஊட்டுக் கூரையில செருகி வெச்சா. அத்தோட உட்டுட்டா.

நேத்துப் பொழுதோட நானே போயி அந்த நோட்டீச உருவிக்கிட்டு வந்தேன். கந்தம்மா, நாளைக்குப் போலாமா சாமின்னு கேட்டேன். குதிப்பான்னு நெனச்சேன். குதிக்கலீங்க. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. எதுக்கு அப்பாரு, திடீர்னுன்னா.

மணி என்னுங்க? நாலேகாலா. அப்ப இன்னும் ஒரு மணி நேரம் கிட்ட இருக்குது.

ஆமாங்க, ரெண்டரைக்கு ஒரு பஸ்ஸு இருந்துச்சு. பாத்தேன். பஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுக்கூட வந்தேன். வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு, கண்டக்டரு ராசிபுரம் ராசிபுரம்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தாரு. இந்தக் கேட்டு வரைக்கும் திரும்பி வந்து புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போனாலும் புடிச்சிருக்கலாம். போகல. திரும்பி வந்து உங்க மேசை முன்னால நின்னுக்கிட்டேன். அப்பத்தான் நீங்க தாத்தா வாங்க, மணி எடுங்கன்னு கூப்புட்டது.

வெள்ளையடிக்கறதா? நீங்க கேக்கறது செரிதானுங்க. ஒம்போது நாள் பச்ச ஒடம்புக்காரிய உள்ள படுக்க வெச்சுக்கிட்டு யாரு சுண்ணாம்பு அடிப்பாங்க. பொய்தான். புள்ளைங்களுக்குச் சொன்னத உங்களுக்கும் சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு.

எம்மவனும் ஊட்ல இல்லீங்க. வேலுமணி லாரி ஓட்டறான். நேத்தே லோடு ஏத்திக்கிட்டு நாகப்பூர் கெளம்பிட்டான். மொதலாளி போகச் சொல்லல, இவனாப் போயிக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான். போறப்ப வசந்தாமணி படுத்திருக்கற உள்ளுக்குள்ள எட்டிக்கூடப் பாக்கல. வாசல்ல நின்னு, வாரேன் ஆத்தான்னான். கண்ணாத்தா செரின்னா. அவ்வளவுதான் அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு. அதுலயே எல்லாம் பேசி முடிஞ்சு போச்சு.

அந்த நாளைக்கு ஊட்ல ஆம்பளைங்க இருக்கக் கூடாதுங்க. அது ஒரு மொறை. யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. அவங்கவங்களுக்கா ஒரு வேலை வந்துரும். ஒருத்தன் லோடு ஏத்திக்கிட்டுப் போவான், ஒருத்தன் மாடு புடிக்கச் சந்தைக்குப் போவான். புள்ளைங்களும் இருக்கக் கூடாது. அதுகளக் கூட்டிக்கிட்டுப் போறதுதான் எம்பட வேலை. தேரு முடிஞ்சு போச்சு. சனிக்கெழமை பக்கத்துல எங்கயும் சந்தை இல்ல. சினிமாவுக்குப் போனா மூணு மணி நேரத்துல வெளிய உட்டுருவான். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், இதுதான் காத்தால இருந்து பொழுதோட வரைக்கும் நடக்குதுன்னு இருந்துச்சு. அப்புடித்தான் வந்தோம். இங்க வந்து இந்தப் பொட்டியப் பாப்பேன்னு நான் கண்டனா.

எந்த நாளைக்குன்னா. அந்த நாளைக்குத்தானுங்க.

நீங்க சேலத்துக்காரவிய. கேள்விப்பட்டிருப்பீங்க.

ஆமாங்க, அந்தப் பாப்பாவத்தான்.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. எந்திரிச்சு என்ன பண்றது? உச்சிக்குள்ள முடிச்சுருவேன்னு கண்ணாத்தா சொன்னா. நாலேகால்னு நீங்கதான சொன்னீங்க. பக்கத்துக் காட்டு முத்தாயம்மா தொணைக்கு வந்திருப்பா. எப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. போறப்ப வாசல்ல சாணி தெளிச்சிருக்கும், ஊட்ல சோறு ஆக்கியிருக்கும். வசந்தாமணி சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருப்பா.

போலீசுங்களா? சொல்லுங்க. நான் வேண்டாங்கல. பேரு சென்னியப்பன், காட்டு வழியில சென்னியப்பன் ஊடுன்னா யாரும் கை காட்டுவாங்க. பயமாவும் இல்ல, ஒண்ணுமே இல்லீங்க. அழுகை வந்தாத் தேவலைன்னு மரத்தடியில உக்காந்து பாத்தேன். வரல. அதுக்குத்தான் இந்தப் பொட்டிய மட்டும் கேட்டேன். வசந்தாமணிக்கு வயசு இருவத்தெட்டுத்தான். பையன் வர்ற வரைக்கும் உட மாட்டாங்க. அடுத்த தடவையாவது அவளப் பேசாம இருப்பாங்களேன்னு. அடுத்த தடவைன்னு எனக்கே எப்புடி வாயில வருது பாருங்க.

நடுவுல இன்னொண்ணு பொறந்துச்சான்னு கேக்கறீங்களா? ஆமாங்க, எண்ணிட்டீங்களா. இது நாலாவது. கந்தம்மா, போதும்பொண்ணு, அப்பறம் ஒண்ணு, அப்பறம் இது. அந்த வால் நட்சத்திரம் வந்துச்சே, அந்த வருசம். அப்பச் சேலத்துல சர்க்கஸ் போட்டிருந்தான். ரெண்டு பேத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். யானை சைக்கிள் ஓட்டுச்சு. மறுக்கா ஒரு ஆட்டம் பாத்துட்டு, பொழுது எறங்கித்தான் ஊட்டுக்குப் போனோம். சின்னவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. கந்தம்மா ஊடு பூராத் தேடுனா. தொட்டில் கட்டுன விட்டத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னா. பாப்பா எங்க அப்பாருன்னா. நான் என்னமோ ஒண்ணு சொல்லி வெச்சேன். அதுக்கப்பறம் அவ கேக்கல. மறந்துட்டான்னு நெனச்சேன்.

மறக்கலீங்க. இன்னிக்கு வெடியால எந்திரிச்சுப் பாத்தா, கந்தம்மாளையும் காணோம், பாப்பாவையும் காணோம். கண்ணாத்தா அந்தக் கத்துக் கத்துறா. நாந்தான் கண்டுபுடிச்சேன். கட்டுத்தாரையில, சோளத்தட்டுப் போருக்குப் பின்னால, பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறா. அது அழாம இருக்கறதுக்கு வாயில சுண்டு வெரலக் குடுத்து வெச்சிருக்கறா. நாங்க மூணு பேரும் நோம்பிக்குப் போலாம் அப்பாரு, பாப்பாவையும் தூக்கிக்கிட்டுப் போயிரலாம், நானே தூக்கிக்கறேன், கை வலிக்குதுன்னு சொல்லவே மாட்டேன்னா.

நாந்தானுங்க வாங்குனேன் அவகிட்ட இருந்து. பாப்பாவுக்குத் தண்ணி வாக்கோணும் சாமி, குடுன்னு சொன்னேன். அவ உடல. ஒவ்வொரு வெரலா எடுத்து உட்டுத்தான் வாங்குனேன். கனமே இல்ல. நல்லாச் சூடா இருந்துச்சு. கொண்டு போயி கண்ணாத்தா கைல குடுத்துட்டு, அங்கராக்குச் சட்டையப் போட்டுக்கிட்டு, புளிச்சோத்து மூட்டைய எடுத்துக்கிட்டு, இதுக ரெண்டையும் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு வந்தேன். எட்டு மணி பஸ்ஸு. ஒரு நிமிசம் முந்தித்தான் வந்தோம்.

நீங்க அழுகாதீங்க அம்மிணி. யாராச்சும் பாத்தா என்னமோன்னு நெனச்சுக்குவாங்க.

பலூன் மேல போயிருச்சுங்களே, பாருங்க. அந்தக் கூச்சல் அதுக்குத்தான். இனிச் சின்னவ ஓடியாந்துருவா. பெரியவளத்தான் எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போகோணும். பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்துக்கிட்டு, காத்தால ஒரே ஒரு வார்த்த கேட்டா. போன தடவ பாப்பா அம்மா பொறந்த ஊருக்கு, அப்பிச்சிகிட்டப் போயிருச்சுன்னு சொன்னீங்கல்லொ அப்பாரு, பரிச்ச லீவுல அங்க போனப்ப நான் எல்லா ஊட்லயும் போயித் தேடுனேன், இல்ல, இந்தத் தடவ எந்த ஊருன்னு சொல்லுவீங்கன்னா. நான் டிக்கெட்டு எடுக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். ராசிபுரத்துல எறங்கி ஏறுனோம், இங்க வந்தோம், இத்தன நேரமாச்சு, இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. அதான் கேட்டுக்கிட்ட அவ பக்கத்துல போகவே முடியல. நீங்க படிச்சவிய, நாலு எடம் போயி வந்தவிய. அவ பெருசானாலும் போயி விசாரிக்க முடியாத ஊரா ஒண்ணு பேரு சொல்லுங்க அம்மிணி. அஞ்சு பத்துக்கு பஸ்ஸு.